ரீகால் வேலை முடிந்த ஜீப் 4எக்ஸ்இ மறுபடியும் ரீகாலில்: பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கான இழை

#1 நோவிவாசி (மிச்சிகன்)

ஜீப் 4எக்ஸ்இ, அதாவது சுவரில் செருகிச் சார்ஜ் போட்டும் பெட்ரோல் எஞ்சினிலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் ஜீப்புகளுக்கு 2025 நவம்பரில் வந்த ரீகாலுக்கு (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) தனி இழை வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தொடங்கிவிட்டேன். விதி ஒன்றுதான்: பொதுப் பதிவில் இருக்கும் ரீகால் விவரங்களை எழுதும்போது கம்பெனி, மாடல் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் சொந்த வண்டிக்கு நடந்ததை எழுதும்போது கம்பெனி, டீலர், குடியிருப்பு எதன் பெயரும் வேண்டாம்.

விவரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மட்டும் 3,20,065 வண்டிகள். 2020 முதல் 2025 வரையிலான ராங்லர் 4எக்ஸ்இ, 2022 முதல் 2026 வரையிலான கிராண்ட் செரோக்கி 4எக்ஸ்இ. உலகம் முழுக்கச் சேர்த்தால் 3,75,000-க்கு மேல். ஜீப்பின் தாய்க் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் கணக்கில் 19 தீ, ஒருவருக்குக் காயம். உயர் அழுத்த பேட்டரியின் செல்கள் சாம்சங் எஸ்டிஐ தயாரித்தவை; பழுது செல்லுக்குள்ளேயே இருக்கிறது. வண்டியை வீட்டிலிருந்தும் மற்ற கட்டடங்களிலிருந்தும் தள்ளி வெளியே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள் என்பதுதான் ரீகாலோடு சொல்லப்பட்டிருக்கும் அறிவுரை.

இதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2023 நவம்பரில் இதே காரணத்துக்காக 32,125 ராங்லர்களை அழைத்தார்கள். அப்போது நூற்றுக்கு ஒரு வண்டியில்தான் குறை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் பட்டியல் 1,54,000 ஆனது, கிராண்ட் செரோக்கியும் சேர்ந்தது, மதிப்பீடு நூற்றுக்கு ஐந்தாக ஏறியது, தீ எண்ணிக்கை 13. அதற்குத் தீர்வு: புது மென்பொருள் ஏற்றிப் பார்ப்பது, குறை தெரிந்தால் பேட்டரியை மாற்றுவது. இப்போது மூன்றாவது முறை. போன தடவை டீலரிடம் போய் 'வேலை முடிந்தது' என்று ரசீது வாங்கி வந்த வண்டிகளையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இழையைத் தொடங்கியதே இதற்காகத்தான். ரசீதைக் கோப்பில் போட்டுவிட்டு நிம்மதியாக கராஜுக்குள் நிறுத்தியிருப்பவர்கள் நம்மில் கட்டாயம் இருப்பார்கள்.

#2 நிலாவின்_அம்மா (எடிசன்)

நன்றி நோவி. எங்கள் வண்டி எது என்று சொல்லவில்லை. வெளியே நிறுத்தச் சொன்ன பிளக்-இன்களில் ஒன்று. எங்களுடையது டவுன்ஹவுஸ். கராஜுக்கு நேர் மேலே குழந்தையின் படுக்கையறை. வெளியே நிறுத்தலாம் என்றால் எங்கள் குடியிருப்புச் சங்கம் இரவில் தெருவில் வண்டி நிற்கவே கூடாது என்கிறது. விருந்தினர் இடத்தில் நிறுத்தினால் ஸ்டிக்கர் ஒட்டி அபராதம் போடுகிறார்கள்.

டீலரைக் கூப்பிட்டால், "ரிமெடி இன்னும் வரவில்லை மேடம், வந்ததும் கடிதம் அனுப்புவோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மாற்று வண்டி கேட்டேன். இந்த ரீகாலுக்கு அப்படி ஏற்பாடு இல்லை என்றார் சர்வீஸ் அட்வைசர். 'தள்ளி நிறுத்துங்கள்' என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். எங்கே நிறுத்துவது?

#3 வேகநாயகன் (டாலஸ்)

எல்லோரையும் ரொம்பப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். 3,75,000-இல் 19. ஏறக்குறைய இருபதாயிரம் வண்டிக்கு ஒன்று. பெட்ரோல் வண்டிகள் தினமும் எங்கோ எரிந்துகொண்டுதான் இருக்கின்றன, அதற்கு யாரும் இழை தொடங்குவதில்லை. எட்டு வருஷமாக மின்சார வண்டிகள்தான் ஓட்டுகிறேன். இது மாதிரிச் செய்திகளைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் மின்சார வண்டியே வேண்டாம் என்று போய்விடுவார்களே என்பதுதான் என் வருத்தம்.

#4 நோவிவாசி

உங்கள் வருத்தம் புரிகிறது வேகநாயகன், எனக்கும் உண்டு. ஆனால் இருபதாயிரத்தில் ஒன்று என்ற கணக்கு மட்டும் போதாது. பெட்ரோல் வண்டித் தீயில் பெரும்பங்கு ஓடும்போதோ விபத்திலோ நடப்பது. ஆள் பக்கத்தில் இருப்பார், முழித்திருப்பார். இந்த ரீகால்களில் திரும்பத் திரும்ப வருவது, வண்டி அணைத்து நிறுத்தியிருந்தபோது பிடித்த தீ. இரவு இரண்டு மணிக்கு, வீட்டோடு ஒட்டிய கராஜில், எல்லோரும் தூங்கும்போது. நிகழ்தகவு சிறியதாக இருந்தாலும் நடந்தால் போவது வீடும் ஆட்களும். அதைத் தவிர்க்க வீட்டிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும் என்றால், அந்த இடத்துக்கு வழி செய்து கொடுப்பதுதான் கம்பெனியின் பொறுப்பு.

#5 மின்கலன் (ஆன் ஆர்பர்)

நான் பேட்டரித் துறையில் இருக்கிறேன். இந்தக் கம்பெனிகள் எதோடும் வேலைத் தொடர்பு இல்லை. பழைய ரீகாலின் மென்பொருள் ஏன் போதவில்லை என்பதை என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

ராங்லர் 4எக்ஸ்இ-யில் 17.3 கிலோவாட் மணி பேட்டரி, ஏறக்குறைய 400 வோல்ட், 96 செல்கள். பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேர்முனைத் தகட்டுக்கும் எதிர்முனைத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம், அதுதான் செபரேட்டர். தலைமுடியைவிட மெல்லியது. 2024 ரீகால் ஆவணத்தில் காரணமாகச் சொன்னது இந்தச் செபரேட்டர் சேதம்தான், அதோடு செல்லுக்குள் நடக்கும் வேறு சிக்கலான வினைகளும் சேர்ந்தால் தீ வரலாம் என்றார்கள்.

இங்கேதான் சிக்கல். படலம் சேதமாகியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் நேரில் பார்க்க முடியாது. பேட்டரி மேலாண்மை மென்பொருளுக்குத் தெரிவதெல்லாம் வோல்டேஜ், மின்னோட்டம், அங்கங்கே வைத்த சென்சார்களின் வெப்பநிலை. ஒரு செல் பக்கத்துச் செல்களைவிட வேகமாக வோல்டேஜ் இழந்தால், உள்ளே சிறு கசிவு இருக்கிறது என்று ஊகிக்கலாம். கசிவு தொடங்கிய பிறகுதான் அந்த ஊகமும் வேலை செய்யும். இன்று சேதத்தோடு ஆனால் கசிவில்லாமல் இருக்கும் செல், இன்றைய சோதனையில் ஆரோக்கியமான செல் மாதிரியேதான் தெரியும். ஆறு மாதம் கழித்து அது மெல்ல மெல்லக் கசியலாம். அல்லது எச்சரிக்கை எதுவும் தராமல் திடீரென்று உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் (உட்குறுக்கு) ஆகி, வெப்பம் வெப்பத்தைப் பெருக்கி, பக்கத்துச் செல்லுக்கும் பரவலாம். தொடர்ந்து கண்காணிக்கும் மென்பொருள் முதல் வகையைப் பிடிக்கும். இரண்டாம் வகையைப் பிடிக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

சார்ஜ் போடாதே என்பதற்குக் காரணம், செல்லில் எவ்வளவு ஆற்றல் நிறைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு உட்குறுக்கின் விளைவு மோசமாகும். இதே ஸ்டெல்லாண்டிஸின் கிரைஸ்லர் பசிஃபிகா பிளக்-இன் வேன் ரீகாலில் கம்பெனியே, பேட்டரி வற்றியிருந்தால் அபாயம் குறைகிறது என்று சொன்னது. அப்புறம் ஒன்று, 4எக்ஸ்இ-யில் 'இ-சேவ்' பயன்முறைக்குள் எஞ்சினை வைத்தே பேட்டரியை ஏற்றும் தெரிவு இருக்கிறது. சுவரில் செருகாமல் இருந்துவிட்டு இதைப் போட்டு ஓட்டினால் பலன் இல்லை. சாதாரண ஹைபிரிட் பயன்முறையிலேயே ஓட்டுங்கள்.

#6 நிலாவின்_அம்மா

பின்சீட்டுக்கு அடியிலா? குழந்தை இருக்கை அங்கேதானே மாட்டுவோம்.

#7 மின்கலன்

ஆமாம் அக்கா. பேட்டரியை உலோகப் பெட்டிக்குள் மூடி, கீழே தடுப்புத் தகடும் வைத்துத்தான் மாட்டுகிறார்கள். பசிஃபிகாவில் இரண்டாம் வரிசை இருக்கையின் தரைக்குக் கீழே. (அதனால்தான் ஹைபிரிட் பசிஃபிகாவில் இரண்டாம் வரிசை இருக்கையைத் தரைக்குள் மடித்து வைக்கும் வசதி இல்லை.) ஓடும்போது எரிந்த வாசனை, புகை, பேட்டரி எச்சரிக்கை விளக்கு எது வந்தாலும் ஓரம் கட்டி முதலில் குழந்தையை இறக்கிவிடுங்கள், பையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். 911-ஐக் கூப்பிடும்போது பிளக்-இன் ஹைபிரிட், லித்தியம் பேட்டரி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் புகை நச்சு. அணைந்த மாதிரி தெரிந்தாலும் மறுபடி பற்றும்.

#8 அஜாக்ஸ்_அண்ணை (ஒன்றாரியோ)

வணக்கம் பிள்ளைகள். இஞ்சை கனடாவில் பிரச்சினை இன்னும் கொஞ்சம் கூட. ரொறன்ரோப் பக்கம் எங்கடை சனம் கனபேர் கொண்டோவில் இருக்கினம், தரிப்பிடம் எல்லாம் நிலத்துக்குக் கீழே. என்னுடைய மருமகனின் வாகனத்துக்கும் வெளியில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. கட்டட நிர்வாகத்துக்கு அறிவிச்சபோது, 'உடனே வெளியேற்றுங்கள்' என்று பதில் வந்தது, மாற்று இடம் தரவில்லை. அவர் மூன்று தெரு தள்ளி ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் மாதக் காசு கட்டி விடுகிறார். அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாமோ என்று யாருக்கும் தெரிந்தால் சொல்லுங்கோ.

இன்னொன்று. பனிக்காலம் வருகுது. பற்றரியைச் சார்ஜ் பண்ணாமல் முழுக்க எஞ்சினில் ஓடினால் பெற்றோல் செலவு இரண்டு மடங்கு போகுது. மின்சாரத்தில் ஓடலாம் என்றுதானே கூடக் காசு குடுத்து வாங்கினது.

#9 வின்ட்சர்_தமிழன்

அண்ணை, நான் பசிஃபிகா ஹைபிரிட் கட்டிய ஊரிலேயே இருக்கிறேன். 4எக்ஸ்இ-க்கு இப்போது நடப்பது பசிஃபிகாவுக்கு முன்பே நடந்ததுதான், அதனால் அந்தக் கதையை இங்கே பதிந்து வைக்கிறேன்.

2020 ஜூனில் முதல் ரீகால், அமெரிக்காவில் 27,634 வண்டி. அது பெரிய பேட்டரியால் வந்ததில்லை. சாதாரண 12 வோல்ட் இணைப்பு ஒன்று சூடாகி எரியலாம் என்பதால். 2022 பிப்ரவரியில் பெரிய பேட்டரி. 2017, 2018 மாடல்கள், மொத்தம் 19,808. 12 தீ. பன்னிரண்டும் அணைத்து நிறுத்திய வண்டிகள், அதில் எட்டு சார்ஜில் செருகியிருந்தவை. அப்போதும் வெளியே நிறுத்து, சார்ஜ் போடாதே என்றார்கள். தீர்வு வரும்வரை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினார்கள். 2023 ஜனவரியில் வேறு காரணம்: டிரான்ஸ்மிஷனுக்குள் ஒரு ஒயர் இணைப்பு குறுக்காகி ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடலாம் என்று அமெரிக்காவில் சுமார் 67,000 வண்டி. 2024 ஜூலையில் திரும்பவும் பேட்டரித் தீ, 24,000-க்கு மேல், 2021 மாடல் வரை. ஏழு தீ.

செல் தயாரித்தது அங்கே எல்ஜி, இங்கே சாம்சங். கம்பெனி ஒன்று, செல் வேறு, முடிவு ஒரே மாதிரி. முதல் ரீகாலில் சின்னப் பட்டியல், பிறகு பெரிய பட்டியல். பட்டியலுக்கு வெளியே இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டவர்கள் அடுத்த பட்டியலில் வந்தார்கள். இதனால்தான் சொல்கிறேன், உங்கள் வண்டி இன்று பட்டியலில் இல்லை என்றாலும் மாதம் ஒருமுறை வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) ரீகால் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

பசிஃபிகா உரிமையாளர்கள் போட்ட கூட்டு வழக்கு மிச்சிகன் கிழக்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. மின்சாரத்தில் ஓட முடியாத பிளக்-இன் வண்டிக்கு ஏன் முழு விலை கொடுத்தோம் என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று. அண்ணை கேட்டதும் அதேதான்.

#10 வேகநாயகன்

சரி, இந்த வரலாறு எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாண்டிஸ் மட்டும்தானா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. 2020-இல் ஐரோப்பாவில் ஃபோர்டு குகா பிளக்-இன்னைச் சார்ஜ் போடாதே என்று சுமார் 20,500 வண்டிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டு பிஎம்டபிள்யூ-வும் பிளக்-இன்களை அழைத்தது, செல் தயாரிப்பின்போது உள்ளே அசுத்தம் கலந்திருக்கலாம் என்று. 2024 கடைசியில் அமெரிக்காவில் ஃபோர்டு எஸ்கேப், லிங்கன் கோர்செய்ர் பிளக்-இன் 20,484. 2025 தொடக்கத்தில் சாம்சங்கே ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ், ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்குப் போன 1,80,196 பேட்டரிகளை ரீகாலாகப் பதிவு செய்திருக்கிறது. முழு மின்சார வண்டிக்கும் பிளக்-இன்னுக்கும் ஒரே பெயரில் பழி போடாதீர்கள் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் இந்த வண்டிகளை வெளியே நிறுத்தச் சொல்வது நியாயம்தான்.

#11 ஆஸ்டின்_மாணவன்

அண்ணா, ஒரு சந்தேகம். இங்கே யூஸ்டு கார் கடையில் 2022 ராங்லர் 4எக்ஸ்இ ரொம்பக் குறைந்த விலைக்கு வருகிறது. ரீகால் முடியாமல் இருந்தால் கடையில் விற்கவே முடியாது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

#12 நோவிவாசி

தம்பி, உண்மை இல்லை. புது வண்டியை ரீகால் வேலை முடியாமல் டீலர் கையில் கொடுக்கக் கூடாது. வாடகைக் கம்பெனிகளும் ரீகால் நிலுவையில் உள்ள வண்டியை வாடகைக்கு விடக் கூடாது, 2016-இலிருந்து அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பழைய வண்டி விற்பவர்களை ஃபெடரல் சட்டம் தடுக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

வின் எண் பதினேழு எழுத்து. முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்க மூலையில் இருக்கும், போனில் படம் எடுத்து, அமெரிக்க வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.-வின் தளத்தில் தட்டு. தீர்வு வராத தீ ரீகால் இருந்தால், அதுவும் நீ அடுக்ககத்தில் இருப்பவன், வாங்காதே. விலை குறைந்ததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

#13 கொழும்புக்_குமரன்

இலங்கையிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன்கள் நிறைய ஓடுகின்றன. 2013-இல் அந்த மாடல் வந்த புதிதில் யோகோஹாமா டீலர் ஒருவரிடம் நின்ற வண்டியின் பேட்டரி உருகி, உற்பத்தியையே பல மாதம் நிறுத்தினார்கள். செல்களைச் சோதிக்கும்போது குலுக்கும் முறையால் வந்த சேதம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இறக்குமதியான பழைய வாகனத்துக்கு ரீகால் கடிதம் யாரும் அனுப்பமாட்டார்கள். ஜப்பான் தயாரிப்பாளரின் தளத்தில் சேசிஸ் இலக்கத்தைப் போட்டு (அவுட்லேண்டர் பிளக்-இன்னின் முதல் மாடல்களுக்கு ஜிஜி2டபிள்யூ என்று தொடங்கும்) நாமாகவே பார்க்க வேண்டும்.

#14 சட்டம்_தெரிந்தவள் (சிகாகோ)

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சட்டப் பக்கம் நான் கொஞ்சம் சொல்லலாம். இது பொதுவான தகவல். உங்கள் வழக்குக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டப்படி ரீகாலுக்குத் தீர்வு மூன்றில் ஒன்று: பழுதுபார்ப்பது, மாற்று வண்டி தருவது, தேய்மானம் கழித்துப் பணத்தைத் திருப்புவது. எது என்று தேர்ந்தெடுப்பது கம்பெனி. பெரும்பாலும் பழுதுபார்ப்பதையே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் நியாயமான காலத்துக்குள் சரியாகப் பழுதுபார்க்க முடியாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து 60 நாளுக்குள் சரியாகப் பழுதுபார்க்காவிட்டால், நியாயமான காலம் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று. 'கொண்டுபோய்க் கொடுத்து' என்பதுதான் முக்கியம். போனில் கேட்டு, வரவில்லை என்றதும் வைத்துவிட்டால் எந்தப் பதிவும் இருக்காது. டீலரிடம் நேரில் போய், ரீகால் எண்ணைக் குறிப்பிட்டு, தீர்வு இல்லை என்று சர்வீஸ் தாளில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

அதோடு மாநில லெமன் சட்டங்கள் (திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை வாங்கியவரைக் காப்பவை) இருக்கின்றன. கால, மைல் வரம்புகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அஜாக்ஸ் அண்ணை, ஒன்றாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் கனடாவில் கேம்வாப் என்ற நடுவர் ஏற்பாடு இருக்கிறது, எந்தத் தயாரிப்பாளர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தரிப்பிடக் காசு, கூடுதல் பெட்ரோல் இரண்டுக்கும் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கேட்டவுடன் தரமாட்டார்கள், ஆனால் ரசீது இல்லாமல் பின்னால் எதையும் கோர முடியாது.

#15 வின்ட்சர்_தமிழன்

தீ தவிர இன்னொன்றும் இழையில் இருக்கட்டும். 2025 அக்டோபரில் ராங்லர் 4எக்ஸ்இ-களுக்கு இணையம் வழியாக ஒரு மென்பொருள் புதுப்பிப்பு போனது. அதை ஏற்றிய சில வண்டிகள் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓடும் சக்தியை இழந்தன. பேட்டரிக்குத் தீர்வே மென்பொருள் என்று சொல்லும் நேரத்தில் இது நடந்தது. புதுப்பிப்பு வந்தால் நெடுந்தூரப் பயணத்துக்கு முந்தின இரவு ஏற்றாதீர்கள், ஏற்றிய பிறகு முதலில் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்.

#16 மின்கலன்

மோதலில் சிக்கிய வண்டி பற்றியும் ஒரு வரி. 2011-இல் என்.எச்.டி.எஸ்.ஏ. ஒரு செவர்லே வோல்ட்டைப் பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனை செய்து, விஸ்கான்சின் சோதனைக் கூடத்தில் நிறுத்தி வைத்தது. மூன்று வாரம் கழித்து அது தீப்பிடித்தது. மோதலில் பேட்டரி துளைபட்டு, குளிர்விக்கும் திரவம் கசிந்திருந்தது. ஜி.எம். பிறகு கட்டமைப்பைப் பலப்படுத்தியது, 2012 ஜனவரியில் விசாரணை முடிந்தது. அன்று சொன்ன அறிவுரை இன்றும் செல்லும்: பலமாக அடிபட்ட பிளக்-இன்னை வீட்டுக்கு இழுத்து வந்து கராஜில் வைக்காதீர்கள். 50 அடி தள்ளி, திறந்த வெளியில்.

#17 நிலாவின்_அம்மா

புதுச் செய்தி. சட்டம்_தெரிந்தவள் சொன்னபடி டீலரிடம் நேரில் போய்த் தாள் வாங்கினேன். முதலில் எழுத மறுத்தார்கள். ரீகால் எண்ணைக் காட்டி நின்றதும், 'ரிமெடி கிடைக்கவில்லை, வாடிக்கையாளர் நேரில் வந்தார்' என்று தேதியோடு அச்செடுத்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளையும் ரீகால் கடிதத்தில் 'கட்டடங்களிலிருந்து தள்ளி' என்ற வரிக்குக் கீழே கோடு போட்ட நகலையும் சங்கத்துக்கு அனுப்பினேன். உங்கள் விதி என் வண்டியைப் பத்து வீடுகள் ஒட்டிய கராஜுக்குள் தள்ளுகிறது, ஏதாவது ஆனால் அது எழுத்தில் இருக்கட்டும் என்று கேட்டேன். மறுநாளே குப்பைத் தொட்டி வரிசைக்கு அப்பால் திறந்த இடத்தில் எனக்கு ஒரு தற்காலிக இடம் ஒதுக்கினார்கள். இப்போது வேறு இரண்டு வீட்டுக்காரர்களும் அங்கே நிறுத்துகிறார்கள். அவர்களுக்கு ரீகால் கடிதமே வரவில்லை, நான் சொல்லித்தான் வின் எண்ணைப் பார்த்தார்கள்.

என்.எச்.டி.எஸ்.ஏ.-வில் புகார் போட வேண்டும். ஏற்கெனவே ரீகால் இருக்கும்போது புகாரால் பயன் உண்டா?

#18 நோவிவாசி

நிச்சயம் உண்டு. ஒரு ரீகாலின் தீர்வு போதவில்லை என்று தெரிந்தால் அந்தத் தீர்வையே விசாரிக்க என்.எச்.டி.எஸ்.ஏ.-வுக்கு வழி இருக்கிறது. புகார்கள் அந்த விசாரணைக்கு ஆதாரம். 'ரீகால் இருக்கிறதே' என்று எல்லோரும் சும்மா இருந்தால், தீர்வு பலித்துவிட்டது என்றே கணக்கில் தெரியும்.

எழுதும்போது வின் எண், தேதி, ஓடிய மைல், வண்டி நின்றதா ஓடியதா, செருகியிருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம், முந்தைய ரீகால் வேலை எந்தத் தேதியில் முடிந்தது, இவை கட்டாயம். கோபத்தைக் குறைத்து நடந்ததை வரிசையாக எழுதுங்கள். பெயரும் முகவரியும் வெளியே வராது, ஆனால் எழுதும் பத்தி எல்லோரும் படிக்கும்படி தளத்தில் ஏறும். கடைசியில் ஒரு பதிவு எண் தருவார்கள், அதைச் சர்வீஸ் தாளோடு சேர்த்து வையுங்கள். கனடாவில் இருப்பவர்கள் டிரான்ஸ்போர்ட் கனடாவில் இதேபோல் போடலாம்.

அப்புறம் உங்கள் அந்த இரண்டு அண்டை வீட்டுக்காரர்களிடம், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கைமாறிய வண்டி என்றால் கடிதம் முந்தைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.